எடுத்ததும் விட்டதும்

அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று சிறுவயதில் மிரட்டுவார்கள். எனக்குக் கல்யாணமாகி 22 வருடம் கழித்துத்தான் அந்தப் பழக்கம் வந்தது. உலைக்கு அரிசி களையும்போது ஒரு வாய். பிறகு காரணமே இல்லாமல் அரிசி டப்பாவைத் திறந்து ஒரு பிடி. கடைசியில் அலுவலக மேஜையின் இழுப்பறையில் மாத்திரை டப்பி ஒன்றில் புழுங்கலரிசி வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவில் காதுக்குள் யாரோ உலக்கை போடுவதுபோலச் சத்தம். வயது என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.9 என்று வந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துப் பெண் தாளைக் கொடுத்துவிட்டு, "நடந்தா வந்தீங்க மேடம்?" என்று கேட்டாள். மருத்துவர் தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அரிசி, சாக்பீஸ், ஐஸ், இந்த மாதிரி ஏதாவது திங்கணும்னு தோணுதா?" கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல உட்கார்ந்திருந்தேன். இரும்புச்சத்து வெகுவாகக் குறைந்தால் வரும் விபரீத ருசி அது என்றார். குணக்கேடு அல்ல, குறைபாடு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதற்குப்பின் நிறைய யோசித்திருக்கிறேன்.

ரத்தம் எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடங்களாக மாதத்தில் பத்து நாள் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அடர்நிறப் புடவைகள் மட்டும். நாற்காலியிலிருந்து எழுந்ததும் திரும்பிப் பார்க்கும் பழக்கம். உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தால் விரிப்பின்மேல் துண்டை நான்காக மடித்துப் போட்டுத் தூங்காமல் கிடப்பது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "நிக்கிற வயசுல அப்படித்தான் கொட்டும்." பெண்களே பெண்களுக்குச் சொல்லும் இந்த ஆறுதலில் எத்தனை பேரின் ரத்தம் வீணாகப் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஸ்கேனில் மூன்று நார்த்திசுக் கட்டிகள். பெரியது 9 சென்டிமீட்டர். கருப்பை 16 வாரக் கர்ப்பத்தின் அளவுக்கு வீங்கியிருந்தது. நான் முதலில் பார்த்த மருத்துவர் பத்து நிமிடத்தில் முடிவைச் சொல்லிவிட்டார். "குழந்தை பெத்தாச்சுல்ல? இனிமே அது எதுக்கு? எல்லாத்தையும் எடுத்துட்டா நிம்மதி." அந்த ‘எல்லாத்தையும்' என்ற சொல் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. வேறொரு மருத்துவரிடம் போனேன். அரிசியைப் பற்றிக் கேட்டவர் அவர்தான்.

அவர் ஒரு வெள்ளைத்தாளில் படம் வரைந்தார். கவிழ்த்து வைத்த பேரிக்காய்போலக் கருப்பை. இருபுறமும் கைகளை விரித்தாற்போலக் கருக்குழாய்கள். அவற்றின் நுனியில் இரண்டு சூலகங்கள். கட்டிகளை மட்டும் எடுக்கலாம், திரும்ப வளரக்கூடும். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கலாம், அதற்கு வேறு ஊருக்குப் போகவேண்டும். ஹார்மோன் சாதனம் ஒன்றை உள்ளே பொருத்தலாம், என் கருப்பையின் உட்பகுதி கட்டிகளால் உருமாறியிருப்பதால் அது நிற்பது கடினம். மாத்திரைகளோடு மாதவிடாய் நிற்கும்வரை காத்திருக்கலாம். அல்லது எடுத்துவிடலாம். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "அவசரமே இல்ல. மொதல்ல ரத்தத்தை ஏத்துவோம். அதுக்குள்ள யோசிங்க" என்றார்.

பிறகு படத்தில் இரண்டு சூலகங்களையும் பேனாவால் சுழித்தார். "கருப்பையை எடுத்தா மாதவிடாய் நிக்கும். அவ்வளவுதான். இந்த ரெண்டும் இருக்கிற வரைக்கும் ஹார்மோன் சுரந்துக்கிட்டேதான் இருக்கும். இதையும் சேத்து எடுத்தா, அஞ்சாறு வருஷத்துல மெல்ல மெல்ல வரவேண்டியது ஒரே ராத்திரில வந்துடும். உடம்பு எரியும், தூக்கம் போகும், மனசு நிலையா இருக்காது, எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்ல. உங்க வயசுக்கு, குடும்பத்துல புற்றுநோய் இல்லன்னா, குழாயை மட்டும் எடுத்துட்டு ஓவரியை விட்டுடலாம். குழாயை எடுக்கிறதால பின்னாடி ஓவரில புற்றுநோய் வர்ற வாய்ப்பும் குறையும்." குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை. ஆனால் அம்மாவுக்கும் கர்ப்பப்பை எடுத்திருக்கிறது என்றேன். "ஓவரியையும் எடுத்தாங்களா?"

தெரியவில்லை. 36 வருடங்களாக அதை யாரும் கேட்டதில்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஓவரின்னா என்னடி? எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சுன்னு சொன்னாங்க" என்றாள் அம்மா.

*

நான்கு வாரங்கள் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் வேலையில் போயின. ஒருநாள் விட்டு ஒருநாள் கருஞ்சிவப்பில் இரும்புச்சத்து மருந்தைச் சலைன் பாட்டிலில் கலந்து ஏற்றினார்கள். முடிந்ததும் வாயில் பழைய ஐந்து காசு நாணயத்தைப் போட்டுக்கொண்டதுபோல ஒரு ருசி இருக்கும். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அரிசி களைந்து உலையில் போட்டு மூடிவிட்டுத்தான், இன்று ஒரு மணியும் வாயில் போடவில்லை என்பது உறைத்தது. எண்ணிக்கை 10.2-க்கு ஏறியிருந்தது. மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே நிறுத்தப் பழகச் சொன்னார்கள். மயக்கத்துக்குப் பிறகு நுரையீரலில் சளி தங்காமலிருக்க. இரவு பத்து மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து பந்து ஏற்றிக்கொண்டிருப்பேன். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ரெண்டுதான் ஏறுது" என்று எண்ணிக்கை சொல்வார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் அம்மா மாயவரத்திலிருந்து வந்தாள். 75 வயது. கையில் துணிமணிப் பையோடு, வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் வைத்திருக்கும் மஞ்சப்பை. "நீ கேட்டியேன்னு தேடினேன், இதுல இருந்துச்சு" என்று நான்காக மடித்த இரண்டு தாள்களை எடுத்துத் தந்தாள். மடிப்புகளில் கிழிந்து, ஓரம் பழுப்பேறியிருந்தது. 1988. அம்மாவின் பெயர், வயது 39. கீழே ஆங்கிலத்தில் கையெழுத்து: டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ. ஒரு மாதத்துக்கு முன்பு பார்த்திருந்தால் அந்த எழுத்துகள் எனக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. இப்போது படிக்கத் தெரியும். வயிற்றைத் திறந்து முழுக் கருப்பையையும், இருபுறத்துக் குழாய்களையும், இரு சூலகங்களையும் அகற்றியது. இரண்டாவது தாள் திசுப் பரிசோதனை முடிவு. கருப்பையில் கட்டி, புற்று இல்லை. இரு சூலகங்களும் இயல்பாக உள்ளன.

இயல்பாக இருந்த இரண்டை எடுத்திருக்கிறார்கள். சம்மதம் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து மட்டும் இருந்தது. ‘கல்கி'யும் ‘கலைமகளு'ம் வரிவிடாமல் படிக்கிற அம்மாவிடம் யாரும் கையெழுத்துக் கேட்டிருக்கவில்லை.

அந்த மருத்துவரைக் குற்றவாளியாக்குவது எளிது. பின்னாளில் புற்று வந்துவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் சேர்த்தே எடுத்துவிடுவது அப்போது பரவலாக இருந்தது என்று என் மருத்துவர் சொன்னார். ஆனால் 39 வயது என்றதும் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

*

எனக்கு அப்போது 11 வயது. அம்மாவின் அந்த வருடங்கள் எனக்கு ஒரு நீண்ட கோடைக்காலமாக நினைவிருக்கின்றன. மார்கழியிலும் மின்விசிறி சுற்றவேண்டும். அதற்காகத் தினமும் பாட்டியோடு சண்டை. நள்ளிரவில் கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கிணற்று நீரை மொண்டு தலையிலும் மார்பிலும் ஊற்றிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் போனால் "போய்ப் படு" என்று அதட்டுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியின் தட்டை ஒருநாள் முற்றத்தில் வீசினாள். ரசம் தெறித்த சுவரை அவளே அழுதபடி துடைத்தாள். எங்கள் வீட்டில் பேச்சைத் தொடங்குமுன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டோம். அப்பா உறவினர்களிடம் வேடிக்கையாகச் சொல்வார்: "கர்ப்பப்பையோட சேத்துப் பொறுமையையும் எடுத்துட்டாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

52 வயதில் வழுக்கி விழுந்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு இந்த வயதுக்கு ரொம்பவும் தேய்ந்திருக்கிறது என்றார் கட்டுப்போட்டவர். பால் குடிக்காததால்தான் என்று அதற்கும் அவளையே திட்டினோம்.

கருப்பைக்கு கிரேக்கத்தில் ஹுஸ்தெரா என்று பெயர். ஹிஸ்டெரக்டமி என்ற சொல்லும் ஹிஸ்டீரியா என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பெண்ணின் கட்டுக்கடங்காத கோபத்துக்கும் அழுகைக்கும் உடலுக்குள் அலைபாயும் கருப்பைதான் காரணம் என்று பழங்காலத்தில் நம்பினார்கள். பிளேட்டோவின் ‘திமேயஸ்' நூலிலும் அந்த எண்ணம் இருக்கிறது. கருப்பையே இல்லாத என் அம்மாவுக்கும் அந்தப் பட்டம் தப்பவில்லை.

அந்தத் தாள்களைப் பற்றி அம்மாவிடம் அன்று நான் எதுவும் சொல்லவில்லை. என் வயிற்றைத் திறக்குமுன் அவள் மனதைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

*

முந்தைய நாள் மாலை சேர்ந்தேன். மெட்டியைக் கழற்றச் சோப்பு நீர் தேவைப்பட்டது. 22 வருடங்களாக இருந்த இடத்தில் விரலில் வெள்ளையாக ஒரு பள்ளம். செவிலி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நேராக என் கணவரிடம் நீட்டி, "சார், இங்க ஒரு கையெழுத்து" என்றாள். அவரும் பேனாவை எடுத்துவிட்டார். நான் வாங்கிப் படித்தேன். கருப்பை, இரு கருக்குழாய்கள் என்று எழுதியிருந்தது. ‘சூலகங்கள் விடப்படும், புற்றுநோய் ஐயம் கண்ணில் தென்பட்டாலன்றி' என்று மருத்துவரை எழுதச் சொல்லி, பிறகு கையெழுத்திட்டேன். கணவர் சாட்சியாகப் போட்டார்.

இது என் பிடிவாதம் அல்ல. சட்டமே அதுதான். 1995-இல் டெல்லியில் சமீரா கோலி என்ற 44 வயதுப் பெண், மணமாகாதவர், பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுயநினைவோடு முடிவெடுக்கத் தக்க ஒரு பெண்ணுக்காக அவருடைய தாயேயானாலும் சம்மதம் தர முடியாது, உயிருக்கு ஆபத்தில்லாதபோது அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்கு 20 வருடங்களுக்கு முன்பே என் அம்மாவின் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. விளக்கு, பச்சைத் துணி, "எண்ணுங்க" என்ற குரல். விழித்தபோது வாய் வறண்டிருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "ஓவரி இருக்கா?" என்பதாம். மருத்துவர் சிரித்துக்கொண்டே "ரெண்டும் பத்திரம்" என்றாராம். எனக்கு நினைவில்லை. கணவர் சொன்னார்.

அதற்குப் பிறகான நாட்களைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. அடிவயிற்றில் குறுக்காக ஒரு கோடு. சிறுநீர்க் குழாயோடு ஒரு நாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். சிரிக்கவும் அப்படியே. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, பிறகுதான் எழவேண்டும். குழந்தைக்கு நடை பழக்குவதுபோல மறுநாளே நடக்கவைத்தார்கள். வருகிற மருத்துவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "காத்துப் பிரிஞ்சுதா?" குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். அது நடந்தால்தான் இட்லி. மூன்று வேளை காத்திருந்து அது நடந்தபோது, அறையில் நான்கு பேர் இருந்தும் எனக்கு வெட்கம் வரவில்லை. அம்மா கைகூப்பிப் பிள்ளையாரைக் கும்பிட்டாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க்குடம், ஈரத்துணி வாளி, குக்கர், எதுவும். பட்டியலைப் பார்த்தபோதுதான் ஒரு நாளில் எவ்வளவு தூக்கிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. வலி ஒரு வாரத்தில் தணிந்தது. களைப்புதான் யாரும் எச்சரிக்காத விருந்தாளி. தலைவாரி முடிப்பதற்குள் படுக்கவேண்டும்போல இருக்கும். எட்டாம் நாள் திசுப் பரிசோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. அன்று மாலை அலமாரியைத் திறந்தபோது பாதி தீர்ந்த நாப்கின் பாக்கெட் ஒன்று இருந்தது. 13 வயதிலிருந்து நான் ஒளித்து வைக்கப் பழகிய பொருள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்காகவா அழுவார்கள் என்று எனக்கே புரியாமல் கொஞ்ச நேரம் அழுதேன். மறுநாள் மாடிவீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்தார்கள். "பாரம் விட்டுச்சு" என்றார்கள். ஆறு வாரமா என்று சிலர் புருவம் உயர்த்தினார்கள். அம்மா சொன்னாள்: "எனக்கு மூணாவது வாரமே தண்ணி எறைக்க விட்டாங்க."

படுத்திருந்த நாட்களில்தான் மகாராஷ்டிரத்துப் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி விரிவாகப் படித்தேன். ஒரு நாள் வேலை தவறினாலும் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிப்பார். மாதவிடாய் என்பது அங்கே கூலி இழப்பு. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்கள்கூடக் கருப்பையை எடுத்துக்கொண்டு வயலுக்குத் திரும்பினார்கள். 2019-இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில் 82,000-க்கும் அதிகமான பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது நடந்திருந்தது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களைச் செயல்படுத்துமாறு 2023-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டியிருந்தது. அது என்னைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். ஆனால் எனக்கு நான்கு வார யோசனை கிடைத்தது, ஒரு படம் கிடைத்தது, படுத்துக்கிடக்க ஆறு வாரம் கிடைத்தது. கத்தி ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் கிடைப்பவைதான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

*

பதினைந்தாம் நாள் என்று நினைக்கிறேன். அம்மா என் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "உனக்கு எரியலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எனக்கு இந்நேரம் எரிய ஆரம்பிச்சிருச்சு" என்றாள்.

அதற்கு மேல் ஒளிக்க முடியவில்லை. மருத்துவர் வரைந்த படத்தை எடுத்துக் காட்டினேன். இது கர்ப்பப்பை, இது குழாய், இந்த இரண்டும் ஓவரி. எனக்கு இதை எடுத்தார்கள், இதை விட்டார்கள். உனக்கு எல்லாவற்றையும் எடுத்தார்கள். எடுத்த இரண்டும் நன்றாகத்தான் இருந்தன என்று தாளில் எழுதியிருக்கிறது. அதனால்தான் அந்த எரிச்சல், அந்தத் தூக்கமின்மை, அந்த அழுகை. எலும்பு தேய்ந்ததற்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம்.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். கண்ணில் நீர் இருந்தது. வெங்காயத்தாலா என்று சொல்ல முடியாது. பிறகு கேட்டாள்:

"அப்ப, அது என் குணம் இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழவேண்டியிருக்கும். அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். கொஞ்சம் கழித்து, "ஒங்கப்பாவுக்கு இது தெரியாமலே போயிட்டாரு" என்றாள். அதில் வருத்தம் இருந்ததா, இன்னமும் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு. தம்பியிடம் தொலைபேசியில் அன்றிரவே நான் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தத் தட்டு..." என்று மட்டும் சொன்னான்.

ஆறு வாரம் முடிந்து அம்மா ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் சின்னம்மாவிடமிருந்து போன் வந்தது. சின்னம்மாவின் மகளுக்கு 41 வயது. அவளையும் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்களாம். நான் காப்பி கலந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. வழக்கத்தைவிடச் சற்று உரக்க, வார்த்தை வார்த்தையாக:

"எதை எடுக்கிறாங்க, எதை விடுறாங்கன்னு கேட்டு, எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு. கையெழுத்தை அவ போடணும், மாப்பிள்ளை இல்ல. இரு, நான் ஒரு படம் வச்சிருக்கேன். வரும்போது கொண்டாறேன்."